பேசச் சொல்லாத டாக்டரைத் தேடுங்கள்

2023 ஜனவரியில் ஒரு நாள் சாயங்காலம், பள்ளி வாசலில் என் மகளின் ஒன்றாம் வகுப்பு மிஸ் என்னைத் தனியாக அழைத்துத் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பாப்பாவுக்குப் பேச்சு வருமா?"

ஜூனில் சேர்ந்தவள். ஏழு மாதமாக அந்த வகுப்பில் ஒருவர்கூட அவள் குரலைக் கேட்டதில்லை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பாத்ரூம் போக வேண்டும் என்று கேட்க முடியாமல் மூன்று முறை ஈரப் பாவாடையோடு வந்திருக்கிறாள். தண்ணீர் கொட்டிவிட்டது என்று வீட்டில் சொன்னாள், நானும் நம்பினேன். வீட்டுக்குள் வந்தால் செருப்பைக் கழற்றும் முன்பே பேச்சு ஆரம்பித்துவிடும். தூங்கும்வரை ஓயாது. "வீட்டுல புலி, வெளியில எலி" என்று அவள் அப்பத்தா கொஞ்சுவார். கொரோனா காலத்தில் செல்போனில் எல்.கே.ஜி. படித்த பிள்ளை, ஆள் பழக்கம் இல்லை, போகப்போகச் சரியாகிவிடும் என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

எங்கள் ஊர் திண்டுக்கல். நான் தையல் கடை வைத்திருக்கிறேன். யார் யாரிடம் போனோம், எது உதவியது, எது கெடுத்தது என்பதை, இன்று அதே கேள்வியைக் கேட்டுவிட்டுப் பள்ளி வாசலில் நிற்கும் இன்னொரு வீட்டாருக்குச் சொல்வதாக நினைத்து எழுதுகிறேன். மகளின் பெயரை எழுதவில்லை. அவள் இப்போது நான்காம் வகுப்பு. தமிழ் நன்றாக வாசிக்கிறாள், நாளை இதையும் வாசிப்பாள்.

இதற்கு செலக்டிவ் மியூட்டிசம் என்று பெயர். 'தேர்ந்தெடுத்த பேசாமை' என்று தமிழில் எழுதுகிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எங்கள் சொந்தக்காரர் ஒருவர், "அப்போ வேணும்னுதான் பேசாம இருக்கா" என்றார். பிழை அந்தப் பெயரிலேயே இருக்கிறது. 1934இல் மோரிட்ஸ் டிராமர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர் 'எலெக்டிவ் மியூட்டிசம்' என்று பெயர் வைத்தபோது, பிள்ளை விரும்பித்தான் பேசாமல் இருக்கிறது என்ற எண்ணம் அதில் ஒட்டிக்கொண்டது. 1994இல், சில இடங்களில் மட்டும் பேச முடியாமல் போவது என்ற பொருளில், 'செலக்டிவ்' என்று மாற்றினார்கள். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் இதைப் பதற்றக் கோளாறுகளோடு சேர்த்தார்கள். அதாவது இது பயம். என் மகள் ஏழு வயதில் ஒருநாள் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது தானாகச் சொன்னாள்: "வார்த்தை இதுவரைக்கும் வரும்மா, அப்புறம் பூட்டிக்கும்." தொண்டைக் குழியில் விரலை வைத்துக் காட்டினாள். அதற்குமேல் எனக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

எப்போது போக வேண்டும்? வீட்டில் பேசும் பிள்ளை பள்ளி போன்ற இடத்தில் ஒரு மாதத்துக்கு மேல் பேசாமல் இருந்தால் போய்விடுங்கள். பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டாம், அது எல்லாப் பிள்ளைக்கும் உள்ள கூச்சம். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் பிள்ளை என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பள்ளியில் இங்கிலீஷ் மட்டும் பேசவில்லையா, தமிழும் பேசவில்லையா? இடைவேளையில் பக்கத்துப் பிள்ளையிடம் தமிழில் கலகலவென்று பேசுகிறது என்றால் அது மொழிப் பிரச்சினை. தமிழிலும் வாய் திறக்கவில்லை என்றால்தான் நான் சொல்வது.

யாரிடம் போவது

முதலில் குழந்தை டாக்டர். அவரிடம் காது பரிசோதனைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டில் இவ்வளவு பேசுகிறாளே, காது எதற்கு என்று நான் வாதாடினேன். லேசாகக் காது மந்தமான பிள்ளை வீட்டின் அமைதியில் சமாளித்துவிடும், நாற்பது பேர் சத்தத்தில் தடுமாறும் என்று அவர் விளக்கினார். பார்த்தோம், காது சரியாக இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று வகை ஆட்கள் இருக்கிறார்கள். குழந்தை மனநல மருத்துவர், இன்னது என்று உறுதி செய்பவர், மருந்து எழுதக்கூடியவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், பயத்தைப் படிப்படியாகக் குறைக்கும் பயிற்சியைத் திட்டம் போட்டு நடத்துபவர். ஸ்பீச் தெரபிஸ்ட், திக்கலோ உச்சரிப்புச் சிக்கலோ கூடவே ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பவர். செலக்டிவ் மியூட்டிசத்தில் பழக்கமுள்ள ஸ்பீச் தெரபிஸ்ட் என்றால் முழுப் பயிற்சியையும் அவரே நடத்தலாம். பின்னவர்கள் இருவருக்கும் ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். தயங்காமல் கேளுங்கள். பிறகு எங்கள் மகளுக்குப் பயிற்சி கொடுத்த மதுரை மேடம் நான் கேட்கும் முன்பே சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டினார். 'சைல்டு கவுன்சலர்' என்று போர்டு மட்டும் வைத்திருப்பவர் இந்த வேலைக்குப் போதாது.

காசு இல்லை என்று நின்றுவிட வேண்டாம். மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம் என்று ஒன்று உண்டு, டி.இ.ஐ.சி. என்று கேட்டால் தெரியும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் நடப்பது. பிறப்பிலிருந்து 18 வயதுவரை பார்க்கிறார்கள், கட்டணம் கிடையாது. கிளம்பும் முன் போன் போட்டு அன்றைக்கு சைக்காலஜிஸ்ட் இருப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஒரு நாள் கூலி வீணாகாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சிக்கலான நிலை என்றால் பெங்களூரு நிம்ஹான்ஸிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் குழந்தைகள் மனநலத்துக்கென்றே தனிப் பிரிவு உண்டு. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். நாங்கள் மதுரையில் தனியாரிடம் போனோம். அப்போது ஓர் அமர்வுக்கு 700 ரூபாய், பஸ் செலவு தனி.

ஆனால் எங்கள் முதல் இடம் அது இல்லை. அதைச் சொல்லாமல் விட முடியாது. முதலில் போன இடத்தில் ஒரு சின்ன அறை, மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர், கையில் படம் போட்ட அட்டைகள். "ஆப்பிள்னு சொல்லு, சாக்லேட் தரேன்." பாப்பா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "சொல்லலன்னா அம்மாவை வெளியே அனுப்பிடுவேன்" என்றார், நான்காவது முறை நிஜமாகவே அனுப்பினார். கதவுக்கு வெளியே நின்று நான் அவள் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறாவது அமர்வுக்குப் பிறகு அவள் போனில் அம்மாச்சியிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டாள். அதுவரை அம்மாச்சியிடம் தினமும் அரைமணி நேரம் பேசுவாள். இருந்த ஒரு குரலும் எங்கள் கண்முன்னே சுருங்கியது.

முதல் நாளே இருபது நிமிடத்தில் அங்கே 'ஆட்டிசம் சந்தேகம்' என்றும் எழுதிக் கொடுத்தார்கள். ஆட்டிசமும் இதுவும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தும் இருக்கலாம் என்பது உண்மை, அதனால் அந்தப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பயத்தில் உறைந்துபோன பிள்ளையை அந்த நிலையில் மட்டும் பார்த்து யாரும் முடிவெழுதக் கூடாது என்பதே என் கோரிக்கை. வீட்டில் அவள் எப்படி இருக்கிறாள் என்று பார்த்தாக வேண்டும்.

போகும் முன் கையில் வேண்டியவை

அதனால் வீடியோ எடுத்து வையுங்கள். பிள்ளைக்குத் தெரியாமல் எடுக்க வேண்டாம். விளையாடும்போது, சண்டை போடும்போது, கதை சொல்லும்போது, மூன்று நான்கு துண்டு போதும். நூறு வாக்கியத்தில் சொல்ல முடியாததை டாக்டர் அதில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடுவார்.

கூடவே ஒரு நோட்டு. நான் அளவு எழுதும் நோட்டில் கடைசிப் பக்கங்களை இதற்கென்று ஒதுக்கினேன். இடதுபக்கம் ஆட்கள்: அப்பா, அப்பத்தா, எதிர்வீட்டு அக்கா, வேன் அண்ணன், மிஸ், மளிகைக் கடைக்காரர். எதிரே, அவர்களிடம் முழுக் குரலா, கிசுகிசுப்பா, தலையாட்டலா, ஒன்றுமே இல்லையா என்று குறி. இடம் மாறினால் குறி மாறுகிறதா என்றும் பாருங்கள். எங்கள் வீட்டு மாடியில் எதிர்வீட்டு அக்காவிடம் பாடுவாள், அதே அக்காவைக் கடைத்தெருவில் பார்த்தால் என் முந்தானைக்குள் போய்விடுவாள். இந்தப் பட்டியலில் எங்கே குரல் இருக்கிறதோ அங்கிருந்துதான் சிகிச்சை தொடங்கும். பெற்றோர் நிரப்புவதற்கென்றே பள்ளி, குடும்பம், வெளியிடம் என்று மூன்று பகுதியாகப் பிரித்த 17 கேள்விப் படிவம் ஒன்று இருக்கிறது, நல்ல சைக்காலஜிஸ்ட் அதைத் தருவார். நோட்டு இருந்தால் அதை நிரப்பப் பத்து நிமிடம்.

நல்லவர் என்று எப்படித் தெரிந்தது

மதுரை மேடம் முதல் சந்திப்புக்குப் பிள்ளையைக் கூட்டிவர வேண்டாம் என்றார். என்னையும் அவள் அப்பாவையும் ஒன்றேகால் மணி நேரம் உட்காரவைத்துக் கேட்டார். அடுத்த வாரம் பாப்பாவோடு போனோம். மேடம் தரையில் சொப்புச் சாமான் பரப்பி வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் உட்கார்ந்தார். "இங்க நீ பேசணும்னு ஒண்ணும் இல்லடா. விளையாடலாம்" என்று ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "பாப்பா அடுப்பை இங்க வைக்கிறா. இப்ப சட்டியை எடுத்துட்டா" என்று அவள் செய்வதைத் தனக்குள் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பது நிமிடம். பாப்பாவின் தோள் கீழே இறங்கியதை நான் பார்த்தேன். அதுவரை அவள் தோளைத் தூக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள் என்பது இறங்கியபோதுதான் தெரிந்தது.

பேசச் சொல்லாத ஆளிடம்தான் இந்தப் பிள்ளைகள் பேசுகிறார்கள். போனிலேயே விசாரித்துவிடுங்கள்: முதல் சில அமர்வில் என்ன செய்வீர்கள்? பேசாவிட்டால் என்ன செய்வீர்கள்? பள்ளிக்கூடத்தோடு பேசுவீர்களா? இதற்கு முன் இப்படி எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருக்கிறீர்கள்? மூன்றாவது கேள்விக்கு 'அது எங்க வேலை இல்ல' என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். அவர் அறையில் பிள்ளை பேசுவதால் மட்டும் பெரிய லாபம் இல்லை. அறையில் வந்த பேச்சு வகுப்பறைக்குத் தானாக நடந்து போகாது, அதை யாராவது கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும்.

பல்லாங்குழி

கூட்டிப்போகிற முறைக்கு ஸ்டிமுலஸ் ஃபேடிங் என்று மேடம் பெயர் சொன்னார். பிள்ளை சரளமாகப் பேசும் ஓர் ஆளோடு, பேசாத இடத்தில் தொடங்க வேண்டும். பிறகு புது ஆளை மெல்ல மெல்ல உள்ளே கொண்டுவர வேண்டும். பழைய ஆள் மெல்ல மெல்ல வெளியே போக வேண்டும். சொல்ல இவ்வளவுதான். செய்ய எங்களுக்கு எட்டு மாதம் ஆனது.

மேடம் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு பிரின்சிபலைப் பார்த்தோம். இரண்டாம் வகுப்புக்கும் அதே மிஸ்ஸைப் போட முடியுமா என்று கேட்டோம், ஒப்புக்கொண்டார்கள். 2023 ஜூனில், பள்ளி விட்டு மூன்றே முக்காலுக்கு வேன்கள் கிளம்பிய பிறகு, காலி வகுப்பறையில் நானும் பாப்பாவும் மட்டும். கதவு சாத்தியிருக்கும். வாயால் எண்ணி விளையாடும் விளையாட்டாகப் பாருங்கள் என்று மேடம் சொல்லியிருந்தார். அப்பத்தா தன் பல்லாங்குழியைக் கொடுத்தார். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. முதல் இரண்டு நாள் அவள் கிசுகிசுத்தாள். மூன்றாம் நாள் வீட்டுக் குரல் வந்துவிட்டது.

பிறகு மிஸ் வராண்டாவில் நடந்தார், உள்ளே பார்க்காமல். குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. இறங்கினால் ஒரு படி பின்னால் போக வேண்டும் என்பது விதி. மிஸ் இன்னும் தள்ளி நடந்தார். மூன்று நாள் கழித்துக் கதவைப் பாதி திறந்து வைத்தோம். அப்புறம் மிஸ் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டுத் திருத்தினார், எங்களுக்கு முதுகைக் காட்டி. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், அதற்குமேல் இல்லை. நன்றாகப் போகும்போதே நிறுத்திவிட வேண்டும்.

பல்லாங்குழியில் ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் 'பசு' என்று சொல்லி எடுத்துக்கொள்ள வேண்டும், முந்திக்கொண்டால்தான் லாபம். ஜூலை மூன்றாவது வாரம் என் பக்கத்துக் குழியிலேயே நான்கு சேர்ந்ததை நான் கவனிக்கவில்லை. "பசு! பசும்மா, பாக்கலையா நீ!" என்று கத்தினாள். மிஸ் ஆறடி தூரத்தில். அவர் திரும்பவில்லை. சிவப்புப் பேனா அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அன்றிரவு எனக்குப் போன் போட்டு அழுதார். அந்த நொடியில் அவர் திரும்பி "அட, பேசிட்டாளே!" என்று கைதட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மேடம் பிறகு சொன்னார்: பேச்சு இந்தப் பிள்ளைக்கு ஒரு வேடிக்கைப் பொருளாகியிருக்கும், பூட்டு மறுபடி விழுந்திருக்கும். இதைப் பள்ளியில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், ஆயாம்மா உட்பட.

மிஸ் விளையாட்டில் சேர்ந்ததும் முதலில் எண்ணிக்கை மட்டும். நான் ஒன்று, மிஸ் இரண்டு, அவள் மூன்று என்று சுற்றி வர வேண்டும். எண்ணுவதற்கு யோசிக்க வேண்டியதில்லை, அதனால் வாய்க்கு எளிது. அதற்கடுத்துத்தான் கேள்வி, அதுவும் இரண்டில் ஒன்றைச் சொல்லும் கேள்வி. "சோழி வேணுமா, புளியங்கொட்டை வேணுமா?" 'வேணுமா' என்று மட்டும் கேட்டால் தலையாட்டிவிடுவாள், பேச்சுக்கு இடமிருக்காது. கேட்டபின் மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. ஐந்து வருடமாக அவளுக்காக நானே பதில் சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டது. பதில் வந்தால் "சோழியா, சரி" என்று எடுத்துக் கொடுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர வேண்டும்.

அடுத்த படி, அம்மா வெளியே போவது. நிறைய வீட்டில் இதை விட்டுவிடுகிறார்கள், பிள்ளை அம்மா இருந்தால்தான் பேசும் என்று அங்கேயே நின்றுவிடுகிறது. என் நாற்காலி கதவோரம் போனது, பிறகு வராண்டா, பிறகு கேட், செப்டம்பரில் நான் கடைக்கே போய்விட்டேன். ஒரு தோழி வந்தாள், இன்னொருத்தி வந்தாள். தோழியின் காதில் கிசுகிசுத்து அவள் மூலம் பேசும் பழக்கம் லேசாக எட்டிப் பார்த்தது. அதை வளரவிடாதீர்கள் என்று மேடம் உடனே மிஸ்ஸிடம் சொன்னார். 2024 பிப்ரவரியில் வகுப்பு முழுக்க இருக்கும்போது தமிழ்ப் பாடத்தில் இரண்டு வரி வாசித்தாள்.

பள்ளிக்குக் கேட்க வேண்டியவை

இந்த எட்டு மாதமும் பிள்ளை அந்தப் பள்ளியில் தினமும் ஏழு மணி நேரம் இருந்தாக வேண்டுமே. அதனால் சைக்காலஜிஸ்டிடம் சொல்லி இவற்றைக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். பாத்ரூமுக்கு ஓர் அட்டை, அதைக் காட்டினால் கேள்வி கேட்காமல் அனுப்ப வேண்டும். இதை முதல் நாளே கேளுங்கள், மற்றதெல்லாம் பிறகு. வருகைப் பதிவுக்குக் கை தூக்கினால் போதும். வாசிப்புத் தேர்வுக்கு வீட்டில் பதிவு செய்த குரலை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மதிப்பெண் தர வேண்டும். பதிவை யார் கேட்பார்கள் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு அனுப்புங்கள். ஒருமுறை நான் சொல்லாமல் அனுப்பி, மறுநாள் மிஸ் பாராட்டியதும் அவள் முகம் கறுத்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மாத்திரை பற்றி: பயிற்சி நகராமல் நின்றுவிட்டாலோ, பிள்ளை பெரிதாகி வருடக்கணக்கில் ஆகிவிட்டாலோ, பதற்றத்தைக் குறைக்க ஃபுளூவாக்செட்டின் வகை மருந்தை மனநல மருத்துவர் யோசிப்பார். பயிற்சியோடு சேர்த்துத்தான் அதைக் கொடுக்க வேண்டும், தனியாக இல்லை. எங்களுக்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தால் கொடுத்திருப்பேன். தொடங்குவதையும் நிறுத்துவதையும் அவர் சொல்படி மட்டும் செய்யுங்கள்.

பன்னிரண்டு, பதினான்கு வயதுப் பிள்ளை என்றால் முறையே வேறு. திட்டத்தை அவர்களோடு உட்கார்ந்து போட வேண்டும், எந்தப் படி முதலில் என்று அவர்கள் எழுத்தில் சொல்லட்டும். பேசாமலே சமாளிக்க இத்தனை வருடம் பழகியிருப்பார்கள், அதனால் நாள் அதிகம் பிடிக்கும். நேரமாகிவிட்டது என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வீட்டுப் பெரியவர்களையும் ஓர் அமர்வுக்கு அழைத்துப் போங்கள். எங்கள் அப்பத்தா வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்க்கச் சொன்னவர். உறவுக்காரர்கள் "அழுத்தக்காரி" என்று பிள்ளையின் முன்னாலேயே சொல்வார்கள். நான் சொன்னபோது காதில் விழாதது, மேடம் "பாட்டி, அவளுக்குப் பயம், பிடிவாதம் இல்ல" என்று சொன்னபோது விழுந்தது. அதற்குப் பிறகு வீட்டுக்கு வருபவர்களிடம் "பிள்ளையைப் பேசச் சொல்லாதீங்க" என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறவர் அப்பத்தாதான்.

ஒரு தவறை நாங்கள் செய்தோம், நீங்கள் செய்ய வேண்டாம். மூன்றாம் வகுப்புக்குப் புது மிஸ். நன்றாகப் பேசுகிறாளே என்று மேடத்திடம் போவதை ஏப்ரலிலேயே நிறுத்தியிருந்தோம். ஜூனில் மறுபடி அமைதி, செப்டம்பர்வரை. இந்த வருடம் மே மாதக் கடைசி வாரத்திலேயே நான்காம் வகுப்பு மிஸ்ஸிடம் நேரம் வாங்கிவிட்டோம். பள்ளி திறக்கும் முன், பிள்ளைகள் இல்லாத வகுப்பறையில் மூன்று நாள், நாளுக்கு இருபது நிமிடம். முதல் நாள் நான் இருந்தேன். மூன்றாம் நாள் பாப்பாவும் மிஸ்ஸும் மட்டும், நான் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போகிறோம். அடுத்த படியாக மளிகைக் கடையில் அவளே கேட்டு வாங்குவது என்று நோட்டில் எழுதியிருக்கிறோம். முதலில் தீப்பெட்டி, என்ன வேண்டும் என்று கடைக்காரர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடலாம் என்று அவளே தேர்ந்தெடுத்தாள்.